இருபத்திரண்டு நிமிஷம்

ஏழு பத்துக்குக் கதவைத் திறப்பேன்.
ஏழு முப்பத்திரண்டுக்குச் சாப்பாடு.
இடையில் கிடப்பது மட்டும் என்னுடையது.

பகல் முழுக்கக் கோட்டையில்,
கப்பல் முகவர் அலுவலகத்தில்
புசான், மொம்பாசா, வெராகுரூஸ் என்று
துறைமுகங்களைத் தட்டச்சிட்டபடி இருப்பேன்.
பெட்டிகள் என்னிடம் சொல்லாமலே போய்ச் சேரும்.
என் கடவுச்சீட்டில் ஒரேயொரு ஊர், திருச்சி.
அதுவும் மச்சாளின் கலியாணத்துக்கு.

வெள்ளவத்தையில் நாலாம் மாடி.
குசினியில் இரண்டு பேர் நின்றால்
மூன்றாவதாகக் கோபமும் வந்து நிற்கும்.
நல்லவேளை, நான் ஒருத்திதான்.
ஜன்னலுக்கு எதிரே அடுத்த கட்டிடத்தின் குளியலறை,
அதற்கும் சுவருக்கும் நடுவே
ஒரு விரல் அகலத்தில் கடல்.
வாடகையில் பத்தாயிரம் அந்த விரலுக்கு.

தாச்சி சூடாகட்டும்.
உள்ளிக்குக் கத்தியின் பக்கவாட்டால் ஒரு அடி.
தோல் தானாகக் கழன்று போகிறது,
வாசலில் நான் உதறிய செருப்பைப் போல.

இன்றைக்குக் கொரியா என்று
பஸ்ஸில் நின்றுகொண்டே முடிவெடுத்தாயிற்று.
ஆனால் அந்தச் சிவப்புப் பசை
கொள்ளுப்பிட்டி சுப்பர்மார்க்கெட்டில்
சின்ன டப்பா ஒரு மாத பஸ் காசு.
கையில் எடுத்தேன். திகதி பார்த்தேன்.
அடுத்தவள் பிள்ளையைத் தூக்கிவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுபோல
மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகவே செத்தல் மிளகாய்த் தூள்,
கித்துள் பாணி, சோயா சோஸ்,
புளிப்புக்கு நேற்றைய தோசைமா ஒரு கரண்டி.
கொரியாக்காரர் எவரும் வந்து கணக்குக் கேட்கப்போவதில்லை,
எங்கள் லிஃப்ட் ஓடுவதில்லை.

கணவாய்க்கு இரண்டு நிமிஷம்.
மூன்றாவதில் அது றப்பர்.

அந்த இரண்டு நிமிஷத்துக்குள்தான்
தம்பி ரமணீதரன் கோல் எடுப்பான்.
ஸ்காபரோவில் விடிந்து, இரவு வேலை முடிந்து,
திரை முழுக்க ஆவி:
குழல்புட்டு, சொதி, ஒரு துண்டு நெத்தலிக் கருவாடு.
"உங்க என்ன சமையல்?"
தாச்சியைக் காட்டுகிறேன்.
"அதென்ன கண்டறியாத சாப்பாடு?
கொழும்பிலை இருந்துகொண்டு
ஒரு மீன்குழம்பு வைக்கேலாதே அக்கா?"
"முதல்லை நீ அங்க இருக்கிறதைச் சாப்பிடு,
பிறகு எனக்குச் சொல்லு" என்று வைத்துவிட்டேன்.
கணவாய் இரண்டே கால் நிமிஷம் ஆகிவிட்டது.
அந்தக் கால் நிமிஷம் அவன் கணக்கில்.

பசையைக் கொட்டினேன்.
கொட்டியதும் எழும்பியது பாருங்கள், ஒரு நெடி!
கண்ணைக் கட்டிக்கொண்டு, தொண்டையைப் பிடித்துக்கொண்டு,
நான் ஜன்னலைத் தள்ள
எனக்கு முந்தி அது வெளியே பாய்ந்தது.

எதிர்க் குளியலறையில் தண்ணீர் நின்றது.
ஒரு தும்மல்.
இன்னொன்று.
மூன்று வருஷமாகப் பழைய பாட்டொன்றின்
முதல் இரண்டு அடியாக மட்டும்
எனக்குத் தெரிந்த பெண்குரல்
"நங்கி, மொனவாத ஹதன்னே?" என்றது.

கொரியா என்றேன்.
சற்று நேரம் ஒன்றும் இல்லை.
கீழே கடலோரம் தெற்கே போகிற ரயில்
தாச்சி மூடியை அதிரவைத்துப் போயிற்று.
"கொரியாவே மெச்சர செரத?" என்று கேட்டுவிட்டு
மறுபடி தண்ணீரைத் திறந்தாள்.
கொரியாவில் இவ்வளவு உறைப்பா என்று
எனக்கு எப்படித் தெரியும்?
கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு
நின்றபடியே தின்றேன்.
மூக்கு ஒழுகியது. ஏழு முப்பத்தாறு.

அடுத்த புதன்கிழமை
என் அடுப்பு இன்னும் பற்றவில்லை.
அந்தப் பக்கமிருந்து
எரிந்த மிளகாயும் இஞ்சிப்புல்லும் கலந்து வந்து
முகத்தில் அறைந்தது.
இருமினேன். வேண்டுமென்றே இன்னும் ஒருதரம்.
"எந்த நாடு?" என்று தமிழில் கேட்டுவிட்டேன்.

அவளுக்கு விளங்கியிருக்கிறது.
"தாய்லந்தய!" என்று கத்தினாள்,
பிறகு கொஞ்சம் தணிந்த குரலில்,
தேங்காய் மட்டும் குருநாகல்
என்று ஒப்புக்கொண்டாள்.